வீட்டுச் சாவியும் ஒரு துண்டுக் காகிதமும்

(மேல்கோட்டை வளர்கல்வி மையத்தில் பேசிய பேச்சு)



பங்குனி மாதம் வந்தால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைரமுடி சேவை. ஒரே இரவில் ஊர் நிரம்பிவிடும். மைசூரிலிருந்து வருவார்கள். பெங்களூரிலிருந்து வருவார்கள். தமிழ்நாட்டிலிருந்து பஸ் வைத்துக்கொண்டு வருவார்கள். தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. திண்ணையில் தலை சாய்க்கவும் இடம் இருக்காது.

அந்த வைரமுடி வருடம் முழுவதும் எங்கே இருக்கிறது? மண்டியா கருவூலத்தில் இருக்கிறது. போலீஸ் காவலோடு இங்கே வருகிறது. வந்தவுடன் பெருமாள் தலையில் வைத்துவிடுகிறார்களா? இல்லை. பெட்டியைத் திறக்கிறார்கள். அதிகாரிகள் முன்னிலையில் சரிபார்க்கிறார்கள். இதற்குப் பார்க்காவணை என்று பெயர். பார்க்காவணை முடிந்த பிறகுதான் கோயில்காரர்கள் கையில் ஒப்படைக்கிறார்கள்.

பெருமாளின் கிரீடத்துக்கே இத்தனை ஏற்பாடு. நாம் நம்முடைய வீட்டை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது என்ன செய்கிறோம்? சாவியைக் கையில் கொடுக்கிறோம். "எல்லாம் பேசிக்கொண்டபடிதானே?" என்று கேட்கிறோம். "ஆமாம், ஆமாம்" என்கிறார்கள். முடிந்தது.

இன்று வாடகை வீட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இங்கே வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறீர்கள். வாடகைக்குக் குடியிருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். யாரும் எழுந்து போக வேண்டாம்!

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

ஒரே ஒரு கோடு

அது 1996-ஆம் வருடம். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா இல்லை. அம்மாவும் நாங்கள் மூன்று பேரும் பின்கட்டில் இருந்தோம். முன்கட்டை வாடகைக்கு விட அம்மா முடிவு செய்தார். நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சின்னச் சமையல் உள். மாத வாடகை 400 ரூபாய். முன்பணம் 5,000 ரூபாய்.

ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மரியாதையானவர். பத்திரம் எழுதுகிறவரையும் அவரே அழைத்து வந்தார். பத்திரம் கன்னடத்தில் இருந்தது. நம் வீட்டில் நாம் பேசுவது தமிழ். கடையிலும் ஆபீசிலும் கன்னடம். அம்மாவுக்குத் தமிழில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அதையும் கோலம் போடுவது போல மெதுவாக எழுதுவார்.

பத்திரம் எழுதுகிறவர் வாயால் எல்லாம் சொன்னார். அம்மா தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார்.

நான் அப்போது எங்கே இருந்தேன் தெரியுமா? அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவள். அந்த வீட்டில் அந்தப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் படிக்க எனக்கும் தோன்றவில்லை. பெரியவர்கள் விஷயத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. வாடகை சரியாக வந்தது. 1999-இல் என் அக்கா பிரசவத்துக்கு வந்தாள். இடம் போதவில்லை. முன்கட்டைக் காலி செய்து கொடுக்கும்படி அம்மா கேட்டார். அவரும் சரி என்றார். "முன்பணம் பதினைந்தாயிரத்தைக் கொடுத்துவிடுங்கள், போய்விடுகிறோம்" என்றார்.

அம்மாவுக்குத் தலை சுற்றியது. "ஐந்தாயிரம்தானே?" என்றார். அவர் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். அன்றுதான் நான் முதன்முதலாக அதைப் படித்தேன். 15,000 என்று இருந்தது. எண்ணால் மட்டும் எழுதியிருந்தது. எழுத்தால் எழுதவில்லை. ஐந்துக்கு முன்னால் ஒரு கோடு. ஒரே ஒரு கோடு.

அந்தக் கோட்டை எப்போது போட்டார்கள்? யார் போட்டார்கள்? எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா ஐந்து என்றார். அவர் பதினைந்து என்றார். காகிதமும் பதினைந்து என்றது. எங்களிடம் நகல் இல்லை. ரசீது இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களை எங்களுக்கு முகம்கூடத் தெரியாது.

அம்மாவின் வளையல் இரண்டும் அடகுக்கடைக்குப் போயின. பிறகு ஒரு வளையல்தான் திரும்பி வந்தது.

பத்தாயிரம் ரூபாய் என்றால் இருபத்தைந்து மாத வாடகை. மூன்று வருடம் வீட்டை விட்டதில் இரண்டு வருட வருமானத்துக்கு மேல் அந்தக் கோட்டுக்குள் போய்விட்டது.

அதனால்தான் இந்த மையத்தில் எண் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது நான் விடாமல் சொல்கிறேன். பணம் என்றால் எண்ணாலும் எழுதுங்கள், எழுத்தாலும் எழுதுங்கள். "ரூ. 5,000, ரூபாய் ஐயாயிரம் மட்டும்." எண்ணுக்கு முன்னால் இடம் விடாதீர்கள். "மட்டும்" என்ற சொல்லை மறக்காதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதையும் ஒட்ட முடியாது.

பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்?

சிலர் கேட்பார்கள். "தெரிந்த மனிதர். அவரிடம் போய் எழுதிக் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டாரா?" என்று.

நான் கேட்கிறேன். தெரிந்த மனிதரோடு சண்டை வந்தால் மனம் அதிகம் நோகுமா, தெரியாத மனிதரோடு வந்தால் அதிகம் நோகுமா? எழுதுவது நம்பிக்கை இல்லாததால் அல்ல. மூன்று வருடம் கழித்து இரண்டு பேருக்கும் ஞாபகம் மாறிவிடும். காகிதத்துக்கு ஞாபகம் மாறாது.

வாடகைப் பத்திரத்தை ஊரில் அக்ரிமெண்ட் என்கிறோம். அதில் வீட்டுக்காரர் பெயர், குடிவருகிறவர் பெயர், இரண்டு பேர் விலாசம் இருக்க வேண்டும். எந்த வீடு, கதவு எண் என்ன, முழு வீடா, முன்கட்டு மட்டுமா என்று இருக்க வேண்டும். "பின்பக்கக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம்" என்று பேசியிருந்தால் அதையும் எழுத வேண்டும். கிணற்றுச் சண்டைதான் நம் ஊரில் முதல் சண்டை. மாத வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், முன்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தர வேண்டும், கரண்ட் பில் யார் கட்ட வேண்டும், வெள்ளையடிப்பது யார் செலவு, எத்தனை நாள் முன்னால் சொல்லிக் காலி செய்ய வேண்டும். இவ்வளவும் இருந்தால் போதும். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

அக்ரிமெண்டை ஏன் பதினோரு மாதத்துக்கு எழுதுகிறார்கள்? பலருக்கு இது தெரிவதில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டை வாடகைக்கு விட்டால் அந்தப் பத்திரத்தைச் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம் என்றுதான் பதினோரு மாதம் என்று எழுதுகிறார்கள். பதினோரு மாதம் முடிந்தால் மறுபடியும் புதிதாக எழுத வேண்டும். நாம் எழுதுவதில்லை. பழைய காகிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஐந்து வருடம் ஓட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அங்கே நகரங்களில் 2019 பிப்ரவரி முதல் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் மெல்ல மெல்ல நம் பக்கமும் ஏறி வந்துவிட்டது. குடிவருகிறவர்கள் பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

இப்போது மொழி விஷயம். நாம் இங்கே தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டோம். பத்திரம் கன்னடத்தில்தான் வரும். அது தவறு இல்லை. இந்த நாட்டு மொழி அது. ஆனால் படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள்.

உங்கள் ஆள் ஒருவரைக் கொண்டு முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள். எதிர்த் தரப்பு ஆளைக் கொண்டு அல்ல, உங்கள் ஆளைக் கொண்டு. அது உங்கள் பேத்தியாக இருந்தாலும் சரி. ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குப் பத்திரம் நன்றாகப் படிக்க வரும். அவளைக் காபி போட அனுப்பாதீர்கள்.

பிறகு கையெழுத்துக்கு மேலே தமிழில் உங்கள் கையால் எழுதுங்கள். "இதைத் தமிழில் சொல்லக் கேட்டுப் புரிந்துகொண்டேன். வாடகை ரூபாய் இவ்வளவு. முன்பணம் ரூபாய் இவ்வளவு." இரண்டே வரி. என் அம்மா அந்த இரண்டு வரி எழுதியிருந்தால் அந்த வளையல் இன்று என் கையில் இருக்கும்.

நகல் ஒன்று வாங்கிக்கொள்ளாமல் எழுந்து வராதீர்கள். காலி இடம் விட்ட காகிதத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

போகியம்

நம் பக்கத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. போகியம். தமிழ்நாட்டில் ஒத்தி என்பார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். வாடகையில் போனால் ஆயிரத்தில் போகும். போகியத்தில் போனால் லட்சத்தில் போகும்.

போகியம் என்றால் என்ன? குடிவருகிறவர் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுக்கிறார். மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார். மூன்று வருடம் முடிந்ததும் வீட்டைக் கொடுக்கிறார். மூன்று லட்சத்தையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார். வாடகை மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது.

வீட்டுக்காரருக்கு என்ன ஆபத்து? மூன்று லட்சம் கைக்கு வந்தது. பெண் கல்யாணத்துக்குச் செலவாகிவிட்டது. மூன்று வருடம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். பணம் எங்கே? பணம் இல்லையென்றால் வீடும் கைக்கு வராது. இன்னொருவரிடம் நான்கு லட்சத்துக்குப் போகியம் போட்டு, முதல் ஆளுக்கு மூன்றைக் கொடுப்பார்கள். பிறகு ஐந்து, பிறகு ஆறு. கடைசியில் வீட்டை விற்றுத்தான் கணக்குத் தீரும்.

குடிவருகிறவருக்கு என்ன ஆபத்து? அது இன்னும் பெரியது. அந்த வீட்டின் பேரில் ஏற்கெனவே பாங்கில் கடன் இருக்கலாம். வீட்டுக்காரர் தவணை கட்டவில்லை. பாங்க் வீட்டை எடுக்க வருகிறது. அப்போது உங்கள் மூன்று லட்சத்தை யார் கொடுப்பார்கள்? பாங்க் கொடுக்காது. வீட்டுக்காரர் ஆளைக் காணோம்.

சட்டம் என்ன சொல்கிறது? சொத்து மாற்றச் சட்டம் என்று ஒரு பழைய சட்டம். 1882-இல் வந்தது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பணம் கொடுத்து, அந்தப் பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிப்பது சட்டத்தின் கண்ணில் அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். மூலப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைத்துக் கடன் வாங்கும் முறைக்கு மட்டும் இதில் விலக்கு.

நாம் என்ன செய்கிறோம்? மூன்று லட்சத்தைக் கொடுத்துவிட்டுச் சாதாரண முத்திரைத்தாளில் வாடகை அக்ரிமெண்ட் போல எழுதிக்கொள்கிறோம். பதிவு இல்லை. பிரச்சினை வந்தால் அந்தக் காகிதம் நொண்டி மாடு. உழவுக்கு உதவாது.

ஆகவே போகியத்துக்குப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் வில்லங்கச் சான்று வாங்குங்கள். ஈ.சி. என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்த வீட்டின் பேரில் பதிவான கடனும் விற்பனையும் அதில் தெரியும். பதிவாகாத கடன் அதில் தெரியாது. அதனால் மூலப் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். "பத்திரம் பெங்களூரில் அண்ணாவிடம் இருக்கிறது" என்றால் பணத்தையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பாங்க் மூலமாகக் கொடுங்கள். பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். செலவு ஆகும். மூன்று லட்சத்துக்குக் காவல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், ஏழைக் குடும்பங்களுக்குப் போகியமே வேண்டாம் என்பேன். மாத வாடகை கஷ்டமாகத் தெரியும். ஆனால் அது மாதாமாதம் தீர்ந்துவிடுகிற கஷ்டம்.

ஓடு உடைந்தால் யார் செலவு?

நம் ஊரில் மழைக்கு முன்னால் ஓடு பிரித்து மாற்ற வேண்டும். மலைக் குரங்குகள் வேறு ஓட்டை நகர்த்திவிட்டுப் போய்விடும். முதல் மழையில் கூடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். வீட்டுக்காரர், "நீங்கள்தானே குடியிருக்கிறீர்கள்" என்பார். குடியிருப்பவர், "உங்கள் வீடுதானே" என்பார்.

பொதுவாகக் கூரை, சுவர் போன்ற பெரிய ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு என்றும், பல்பு, குழாய் வாஷர் போன்ற சின்னச் செலவு குடியிருப்பவர் பொறுப்பு என்றும் அக்ரிமெண்டில் எழுதுகிறார்கள். எழுதியிருந்தால் சண்டை இல்லை. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய ரிப்பேரை, சொல்லியும் உரிய காலத்தில் செய்யவில்லை என்றால், குடியிருப்பவர் தானே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதே 1882-ஆம் வருடச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் வாயால் சொன்னால் போதாது. ஒரு சீட்டு எழுதுங்கள். தேதி போடுங்கள். கொத்தனார் கூலி, ஓடு விலை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பவருக்கும் கடமை உண்டு. வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். நாளாக ஆகத் தேய்வது வேறு, உடைப்பது வேறு. வீட்டுக்காரரைக் கேட்காமல் புதிதாகச் சுவர் எழுப்பக்கூடாது. சாவி வாங்கும் அன்றே இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். எந்த ஜன்னலில் கொக்கி இல்லை, எந்தச் சுவரில் விரிசல் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. போட்டோவும் எடுத்து வையுங்கள். இதுதான் நம் வீட்டுப் பார்க்காவணை!

காலி செய்யச் சொல்வது பற்றி ஒரு வார்த்தை. மாத வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்ல, அக்ரிமெண்டில் வேறு எதுவும் எழுதாவிட்டால், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எழுத்தில் கொடுக்க வேண்டும். குடியிருப்பவர் போவதாக இருந்தாலும் அதே பதினைந்து நாள். நோட்டீஸ் கொடுத்தும் போகவில்லை என்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சாமானைத் தெருவில் எடுத்துப் போடுவதும், வீட்டுக்குப் பூட்டுப் போடுவதும் சட்டப்படி தவறு. அப்படிச் செய்தால், வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் கோர்ட்டில் வழக்குப் போட்டு மறுபடியும் உள்ளே வர முடியும்.

"கோர்ட்டுக்குப் போக எங்களுக்கு ஏது வசதி?" என்று கேட்பீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் வருடச் சட்டம் அது. தாலுகாவில் சட்ட சேவைக் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இந்த எண்ணை இப்போதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.

உற்சவ வாடகை

வைரமுடிக்கு வருகிறவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் அறை கொடுப்பது வேறு விதம். அங்கே அக்ரிமெண்ட் எழுதிக்கொண்டிருக்க முடியாது. வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் போன்ற கடற்கரை ஊர்களிலும் இப்படித்தான். திருவிழா வந்தால் வீடுகளெல்லாம் விடுதி ஆகிவிடும். போன பிறகு வீட்டைப் பார்த்தால்தான் தெரியும் வாடகைப் பணம் எதற்குப் போதும் என்று.

ஒரு நோட்டுப் போதும். வருகிறவர் பெயர், ஊர், போன் எண், எத்தனை பேர், எந்தத் தேதி எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போவார், எவ்வளவு பணம். அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அடையாள அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "நான்கு பேர்" என்று சொல்லிவிட்டுப் பதினான்கு பேர் வருவார்கள். பெருமாளைப் பார்க்க வந்தவர்களை வாசலில் நிறுத்த முடியாதுதான். ஆனால் மலை மேலே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஆளுக்கு இவ்வளவு என்று வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஒரு இரவு தங்கினாலும் அப்படித்தான். எப்படி என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால் சொல்வார்கள்.

சாவி வைத்திருப்பவர்

நம் ஊரில் பாதித் தெரு பூட்டிக் கிடக்கிறது என்று நாம் பேசிக்கொள்கிறோம். பிள்ளைகள் பெங்களூரில், அமெரிக்காவில். சாவி மட்டும் இங்கே ஓர் அத்தையிடம் அல்லது ஒரு மன்னியிடம் இருக்கும். வீட்டைப் பெருக்குவது அவர். விளக்கேற்றுவது அவர். உற்சவத்துக்கு விட்டு நாலு காசு பார்ப்பதும் அவர். சம்பளம் கிடையாது. பெயர் மட்டும் உண்டு. பல சமயம் கெட்ட பெயர்!

எனக்குத் தெரிந்த ஓர் அத்தை இப்படித்தான் அண்ணா வீட்டைப் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டார். உற்சவ வாடகை வரும். அதில் ஓடு மாற்றுவார், வீட்டு வரி கட்டுவார், கிணறு தூர் வாருவார். எதையும் எழுதவில்லை. "அண்ணாவுக்கு என்ன கணக்கு?" என்பார். அண்ணா போனார். அண்ணா பிள்ளைகள் வந்தார்கள். ஒருவன் மெதுவாகத்தான் கேட்டான். "அத்தை, இத்தனை வருட வாடகை என்ன ஆயிற்று?" அவன் குணம் கெட்டவன் இல்லை. அவனுக்குத் தெரியாது, கேட்டான். அத்தை அன்றே சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. வீடும் இரண்டு மழையில் ஒரு பக்கம் சரிந்தது.

பிறகு சமாதானம் ஆனது. இப்போது அத்தையிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இடது பக்கம் வரவு. வலது பக்கம் செலவு. மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அண்ணா பிள்ளைகளுக்கு அனுப்புகிறார். அவருக்கு என்று மாதம் ஒரு தொகை எழுதி எடுத்துக்கொள்கிறார். முதலில் அது அவருக்கு வெட்கமாக இருந்ததாம். "சொந்த மருமானிடம் கூலி வாங்குவதா?" என்றாராம். வீட்டைக் காப்பாற்றுவது வேலை இல்லையா? வேலைக்குக் கூலி எழுதுவதில் என்ன வெட்கம்?

இன்னொன்றையும் சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காது. இது பூர்வீக வீடு என்றால் அந்த அத்தைக்கும் அதில் பங்கு இருக்கலாம். கர்நாடகத்தில் 1994-இல் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. இந்து கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமமான பங்கு. முன்பே முறையாகப் பாகம் பிரித்துவிட்டிருந்தால் அது வேறு கதை. ஆகவே "வீடு அண்ணாவுடையது" என்று சொல்லும் முன் காகிதத்தைப் பாருங்கள். சாவி வைத்திருக்கிறவர் யார் பெயரில் வாடகைக்கு விடுகிறார், அதற்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்தார்களா என்று குடிவருகிறவரும் கேட்க வேண்டும்.

ரசீது

குடியிருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வாடகை கொடுத்தால் ரசீது கேளுங்கள். போன் மூலம் பணம் அனுப்பினால் அதிலேயே பதிவாகிவிடும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதுதான் சாட்சி. ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்குங்கள். வாடகை அக்ரிமெண்டும் ரசீதும் வேறு வேலைக்கும் உதவும். 2023-இல் கர்நாடக அரசு கிருஹஜோதித் திட்டம் கொண்டுவந்தது. வீட்டுக்கு 200 யூனிட் வரை இலவச மின்சாரம். அதில் வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம் என்றார்கள். அந்த விலாசத்தில் குடியிருப்பதைக் காட்டக் காகிதம் கேட்டார்கள். காகிதம் வைத்திருந்தவர்கள் உடனே சேர்ந்தார்கள். மற்றவர்கள் அலைந்தார்கள்.

பேச்சுப் போதும். எல்லோரும் நோட்டை எடுங்கள். பென்சில் வேண்டாம், பேனா எடுங்கள். ரசீதைப் பென்சிலில் எழுதக்கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி சேருங்கள். ஒருவர் வீட்டுக்காரர், ஒருவர் குடியிருப்பவர். நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

மேலே வலது பக்கம் இன்றைய தேதி. அதற்குக் கீழே:

"மேல்கோட்டை, கதவு எண் ........ உள்ள வீட்டின் முன்கட்டுக்கு, ........ மாத வாடகையாக, ........ அவர்களிடமிருந்து ரூ. 4,000, ரூபாய் நான்காயிரம் மட்டும், ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்."

கீழே வீட்டுக்காரர் கையெழுத்து. எண்ணுக்கு முன்னால் இடம் விட்டிருக்கிறீர்களா? புள்ளி போட்ட இடங்களை நிரப்பினீர்களா? பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அவர் சத்தமாகப் படிக்கட்டும்.